ஜாலவித்தைக்காரர் உடுத்த உடை

மேடையேறி ஜாலவித்தை காட்டுகிறவர் எவ்வாறு உடுத்திக்கொள்ள வேண்டும், சபையின் முன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்குத் தையற்காரரோடு பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கலையின் சரித்திரத்தை நிதானமாகப் பின்தொடர்ந்து வருவோமானால், ஒவ்வொரு காலத்திலும் அக்கலைஞர் தரித்த உடையே, உலகம் அவரை எந்த ஸ்தானத்தில் வைத்திருந்தது என்பதையும், அவர் தம்மை எந்த ஸ்தானத்துக்கு உயர்த்திக்கொள்ளப் பிரயாசைப்பட்டார் என்பதையும் ஒருங்கே தெரிவித்து வந்திருப்பதை உணரலாம். சங்கீத வித்துவான் எந்தச் சட்டை அணிந்து பாடினாலும் ராகம் ராகமாகவே இருக்கும். நாடக நடிகரோ பாத்திரத்துக்குத் தக்கபடி வேஷத்தை மாற்றிக்கொள்கிறார். ஜாலவித்தைக்காரர் ஒருவருக்குத்தான் உடை ஒரே சமயத்தில் தொழிற்கருவியாகவும், சபையோருக்கு அவர் அளிக்கும் நற்சாட்சிப் பத்திரமாகவும் அமைகிறது. இவர் நம்மை ஏமாற்றப் போகிறார் என்று தெரிந்தே காசு கொடுத்து வந்து உட்காருகிற ஜனங்கள், அந்த ஏமாற்றத்தில் வஞ்சகம் இல்லை, சாமர்த்தியமே உண்டு என்று நம்பும்படி செய்வது அவருடைய முதற்கடமை. அந்த நம்பிக்கையை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அவருடைய தோற்றம் உண்டாக்கியாக வேண்டும்.

அந்த நம்பிக்கை எளிதில் கிடைத்துவிடவில்லை. ஹீரோனிமஸ் பாஷ் என்னும் நெதர்லாந்து ஓவியருடைய பெயரால் வழங்கும் சித்திரம் ஒன்று உண்டு. 1500ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய அது, பிரான்ஸில் ஸான்-ஜெர்மென்-ஆன்-லே என்ற ஊருக்குச் சொந்தமாக இருக்கிறது. அதில், மேஜைக்குப் பின்னே சிவப்பு நீளங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியும் தரித்த வித்தைக்காரர் ஒருவர், இரண்டு விரல்களுக்கிடையே சிறு உருண்டையொன்றைப் பிடித்துக் காட்டுகிறார். மேஜையின்மேல் கிண்ணங்கள் இருக்கின்றன. அவருடைய இடுப்பில் தொங்கும் கூடையிலிருந்து ஆந்தை ஒன்று எட்டிப் பார்க்கிறது. எதிரே குனிந்து, தம்மை மறந்து அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருடைய பணப்பையை, அவருக்குப் பின்னால் வானத்தை நோக்கியவன்போல் நிற்கும் ஒருவன் மெல்லக் கவர்ந்துகொண்டிருக்கிறான். வித்தைக்காரரின் பகட்டான உடையும், திருடனின் கையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து எழுதப்பட்டிருப்பதிலிருந்து, அக்காலத்து ஜனங்கள் அவ்விருவரையும் ஒரே தொழிலின் இரண்டு பாதிகளாகவே கருதினார்கள் என்பது விளங்கும். இடுப்பில் தொங்கிய அந்தக் கூடையோ, பல வித்தைக்காரர்கள் முன்புறம் கட்டிக்கொண்ட பையோ, தொழிலுக்கு இன்றியமையாத சாதனமாயிருந்தது. ஆனால் அதைக் கண்டவுடனேயே சந்தேகமும் எழுந்தது. திருடன் என்ற பழியைவிடக் கொடிய பழியும் ஒன்று இருந்தது. சூனியம் செய்தவர்கள் என்று மனிதர்களைப் பிடித்துத் தண்டித்த அந்தக் காலத்தில், ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 1584இல் எழுதிய நூலொன்றில், கிண்ணமும் பந்தும், சீட்டும் நாணயமும் கொண்டு செய்யும் வித்தைகள் கைத்திறமையே அன்றிப் பிசாசின் துணையால் ஆவன அல்ல என்று செய்முறைகளோடு விளக்க வேண்டியதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை சற்று மாறியது. லண்டனில் பார்த்தலோமியு சந்தையில் கொட்டகை போட்டு வித்தை காட்டிய ஐசக் ஃபாக்ஸ் என்பவர், அந்நாளைய கௌரவமான நகரவாசிகளைப்போலவே பொய்முடியும் கோட்டும் தரித்து நின்றதாகப் பழைய அச்சுப் படங்கள் காட்டுகின்றன. காலிப்பையைத் திருப்பித் திருப்பிக் காட்டி அதிலிருந்து முட்டைகளையும் நாணயங்களையும் பறவைகளையும் வருவித்த அவர், சூனியக்காரரைப்போல் தோன்ற விரும்பவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரண்மனைகளில் புகழ்பெற்ற பினெட்டி என்ற இத்தாலியரோ, பொன்சரிகை வேலை செய்த உடைகளையும் பதக்கங்களையும் அணிந்து, பிரபுவைப்போல் காட்சியளித்தார். ஆயினும் பழைய மோகம் முற்றிலும் போய்விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பிலிப் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர், நட்சத்திரங்கள் பொறித்த நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் தரித்துச் சீனத்து மாயாவியாக வந்து, சால்வைக்குள்ளிருந்து மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிகளை வரவழைத்தார். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். ஆனால் அவ்வளவு விசாலமான அங்கிக்குள் எதைத்தான் ஒளிக்க முடியாது என்று யோசிக்கவும் அந்த உடையே அவர்களுக்கு வழிகாட்டியது. மேஜைகளும் அப்படியே தரைவரை துணி தொங்க நின்றன. அவற்றினுள் ஆள் இருக்கக்கூடும் என்பதைக் குழந்தையும் ஊகிக்கலாம்.

இந்தச் சூழ்நிலையில்தான், கலையின் தோற்றத்தையே மாற்றிய மனிதர் வந்தார். ராபர்ட் ஹூடின் 1805இல் பிரான்ஸின் ப்ளவா நகரில், கடிகாரத் தொழிலாளரின் மகனாகப் பிறந்தவர். தாமும் அத்தொழிலையே கற்றவர். நாற்பது வயதை நெருங்கியபோது, 1845 ஜூலை 3ஆம் தேதி, பாரிஸில் பாலே-ரொயால் கட்டடத்தில் சுமார் 200 பேர் அமரக்கூடிய சிறு நாடகசாலை ஒன்றைத் திறந்தார். அன்று திரை உயர்ந்தபோது சபையோர் கண்டது, மண்டையோடுகளும் ஜோதிடச் சக்கரங்களும் நிறைந்த மாயாவியின் குகை அன்று. வெள்ளையும் பொன்னுமாக, பதினைந்தாம் லூயி மன்னர் காலத்துப் பாணியில் அமைந்த வரவேற்பறை. மேஜைகளின்மேல் தரைவரை தொங்கும் துணி கிடையாது. கண்ணைக் கூசவைக்கும் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிக் குமிழ்களுக்குள் எரியும் வாயு விளக்குகள். அந்த அறைக்குள், பிரெஞ்சுக் கனவான்கள் மாலை விருந்துக்கு அணியும் கறுப்புக் கோட்டோடு, விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரரைப்போல ஒருவர் நடந்து வந்தார். பார்ப்பவரும் காட்டுபவரும் ஒரே வகை உடையில், ஒரே வகை அறையில் சந்தித்தார்கள். வித்தையின் ஆச்சரியமும் அதனாலேயே பன்மடங்காயிற்று. மாயாவியின் குகையில் எதுவும் நடக்கலாம். நம் வீட்டுக் கூடத்தைப்போன்ற கூடத்தில் நடக்கும்போதுதான் அற்புதம் அற்புதமாகிறது.

விநோதமான உடை எக்காலத்திலும் ஜாலவித்தைக்காரருக்கு மதிப்பைத் தேடித் தந்ததில்லை என்பது ராபர்ட் ஹூடினுடைய உறுதியான அபிப்பிராயம். தம் ஜீவிய சரித்திரத்தில் இதை அவர் வற்புறுத்தியிருக்கிறார். அதே நூலில் அவர் சொல்லும் இன்னொரு செய்தி, உடையைப்பற்றிய அவருடைய கவனம் மேடையோடு நிற்கவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது. அவர் பயிற்சி செய்துகொண்டிருந்த நாட்களில், இரு புறமும் இடுப்பருகே பை வைத்த மேலங்கி நாகரிகமாக வழங்கியது. அந்த மேலங்கியை அணிந்து தெருவில் நடக்கும்போதும், நண்பர்களோடு நின்று பேசும்போதும், ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, நாணயத்தையோ சீட்டையோ உள்ளங்கையில் ஒளித்துப் பழகிக்கொண்டேயிருப்பார். எதிரே நிற்பவருக்கு அந்தக் கை ஓய்வாக இருப்பதாகவே தோன்றும். இத்தனை உழைப்பின் விளைவாகவே, பின்னாளில் மேடையில் அவருடைய கை எதையும் ஒளிக்காத கையைப்போல் சரளமாக அசைந்தது. ஜாலவித்தைக்காரர் என்பவர் மாயாவியின் பாத்திரத்தை ஏற்று நடிக்கும் நடிகரே என்று 1868இல் அவர் வெளியிட்ட நூலில் சொல்லப்பட்டிருப்பதையும், இந்த எளிய உடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடையில் மாயாவி இல்லாமற் போனதால், பார்வையிலும் நடையிலும் குரலிலும் கையசைவிலும் மாயாவியைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு கலைஞரைச் சார்ந்தது. அங்கியைக் கழற்றியவர் நடிப்பை ஏற்றுக்கொண்டார்.

அவருக்குப் பிறகு அந்தக் கறுப்புக் கோட்டே தொழிலின் சீருடையாயிற்று. ஆஞ்செலோ லூயிஸ் என்ற ஆங்கில வழக்கறிஞர், 'புரொபசர் ஹாஃப்மன்' என்ற புனைபெயரில் 1876இல் வெளியிட்ட பிரசித்தமான ஜாலவித்தைப் பாடநூலில், மாயாவியின் நீளங்கி வழக்கொழிந்துவிட்டதென்றும், விருந்துடையே முறையான உடையென்றும் கூறிவிட்டு, உடனேயே அந்தக் கோட்டுக்குள் தைக்க வேண்டிய பைகளை வரிசையாக விவரிக்கத் தொடங்குகிறார். கோட்டின் வால்பகுதியில், தொங்கவிட்ட கை தானாகவே எட்டும் இடத்தில் ஆழமான பைகள் இரண்டு. கால்சட்டையில், தொடைக்குப் பின்புறம், ஒரு முட்டையோ நாணயமோ கொள்ளும் சிறு பைகள் இரண்டு. மார்புக்குள் பெரிய பை. இடுப்புச் சட்டையின் அடியோரத்தில் ரப்பர் நாடா. தையற்கலையின் நுட்பமும் கைவித்தையின் நுட்பமும் இவ்வளவு நெருங்கிச் சேர்ந்த இடம் வேறொன்று இருக்குமென்று தோன்றவில்லை. கோட்டு எளிமையாகத் தோன்றத் தோன்ற, அதன் உள்ளமைப்பு சிக்கலாகிக்கொண்டே போயிற்று. அந்தப் பைகளைப் பயன்படுத்தும் முறையை இங்கே விரித்துரைப்பது, அந்தத் தொழிலால் ஜீவிப்பவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. உடலின் எந்த அசைவு இயற்கையானதோ அந்த அசைவின் முடிவில் பை இருக்க வேண்டும் என்பதே அதன் சூத்திரம் என்று மட்டும் சொல்லலாம். ஆகையால் கலைஞருடைய கோட்டு அவருடைய உடலளவுக்கு மட்டுமன்றி, அவருடைய பழக்கவழக்கங்களுக்கும் அளவெடுத்துத் தைக்கப்படுவதாயிற்று.

எல்லோரும் கோட்டு அணியத் தொடங்கியவுடன், எல்லோருடைய சந்தேகமும் கோட்டின் கையின்மேல் விழுந்தது. வித்தைக்காரர் எதைச் செய்தாலும் 'கைக்குள் இழுத்துவிட்டார்' என்று சொல்லிவிடுவது ரசிகர்களின் வழக்கமாயிற்று. இதற்குப் பதில் சொல்வதையே பலர் தங்கள் ஆட்டத்தின் அழகாக ஆக்கிக்கொண்டார்கள். சிலர் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு தொடங்கினார்கள். ராபர்ட் ஹூடினுடைய பெயரைத் தழுவித் தம் பெயரை அமைத்துக்கொண்ட ஹாரி ஹூடினி, தம் கடைசிக் காலத்து முழுநீள நிகழ்ச்சியில், கோட்டின் கைகளையே கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையோடு வித்தை காட்டினார். விலங்குகளிலிருந்து விடுபடும் பந்தயங்களிலோ, போலீஸ் அதிகாரிகள் சோதித்துப் பார்க்கும்படி, அநேகமாக உடையே இல்லாத நிலையில் சிறையறைக்குள் சென்றார். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டும் உடம்பே அவருக்கு உடையாயிற்று. கார்டினி என்ற வேல்ஸ் நாட்டவர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். முதல் உலக யுத்தத்தில், பனிக்குளிர் வீசிய பதுங்குகுழிகளில் கையுறையைக் கழற்றாமலேயே சீட்டு பழகியவர் அவர். பிற்காலத்தில் உயரத்தொப்பியும் மேற்போர்வையும் ஒற்றைக்கண் கண்ணாடியும் வெண்ணிறக் கையுறையுமாக, விருந்தில் சற்றே அதிகமாகக் குடித்துவிட்டு வீடு திரும்பும் கனவானாக மேடைக்கு வந்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தம் கையில் சீட்டுகள் தோன்றிக்கொண்டேயிருப்பதைக் கண்டு தாமே திகைப்பார். கையுறை அணிந்த கையால் சீட்டைக் கையாளுவது எவ்வளவு கடினமென்பதை உணர்ந்தவர்கள், அந்தக் கையுறையின் மதிப்பை அறிவார்கள். ஒருவர் உடையைக் களைந்து நம்பிக்கை பெற்றார். மற்றவர் உடையைக் கூட்டி நம்பிக்கை பெற்றார். இருவரிடத்தும் உடை வித்தையின் பகுதியாகவே இருந்தது. 1934இல் லீ ஃபாக் படைத்த மாந்திரீகர் மாண்ட்ரேக், தமிழ் வாசகர்களுக்கும் சித்திரக்கதைகளின் மூலம் நன்கு அறிமுகமானவர். உயரத்தொப்பியும் போர்வையும் ஜாலவித்தைக்காரரின் இயற்கை உடையென்று நம் குழந்தைகளும் எண்ணும்படி செய்தவர் அவரே எனலாம்.

இனி, நம் தேசத்தின் பக்கம் திரும்புவோம். ஐரோப்பியர் அங்கியைப்பற்றி விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தியத் தெருக்களில் வித்தை காட்டியவர்கள் மேற்சட்டையே இல்லாமல் தரையில் அமர்ந்து காட்டினார்கள். நான்கு புறமும் ஜனங்கள் சூழ்ந்து நிற்க, திரையும் மேஜையும் இல்லாமல், தலைமேல் வெயிலையே விளக்காகக் கொண்டு, செப்பிடு வித்தைக்காரர் உச்சியில் குமிழ் வைத்த சிறு செப்புகளை விரலிடுக்கில் பற்றிக் கவிழ்த்தும் எடுத்தும் பந்துகளை மாற்றுவார். மாங்கொட்டையை மண்ணில் புதைத்துத் துணியால் மூடிச் செடியாக்கிக் காட்டுவார். சிறுவனைக் கூடைக்குள் உட்காரவைத்து மறையச் செய்வார். இடுப்பு வேஷ்டியும் தலைப்பாகையும் தோளில் ஒரு பையுமே அவருடைய அலங்காரம். சட்டைக்கை இல்லாத கையால் இத்தனையும் எப்படிச் செய்கிறார்கள் என்பதே, கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்களைத் திகைக்கவைத்தது.

அத்தகைய வித்தைக்காரர்கள் சிலர் 1813இல் லண்டனுக்குச் சென்று ஆட்டம் நடத்தினார்கள். வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர், இந்திய வித்தைக்காரரைப்பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை அவருடைய வெள்ளை உடையையும் இறுகக் கட்டிய தலைப்பாகையையும் குறிப்பிட்டே தொடங்குகிறார். அந்நாளில் மேல்நாட்டில் பெரும்பெயர் பெற்றவர் ராமசாமி. ஆங்கிலேயர்கள் அவரை 'ரமோ சமீ' என்று எழுதினார்கள். பந்துகளை வீசிப் பிடிப்பதிலும் வாளை விழுங்குவதிலும் நிகரற்றவராய், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆடி, 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அவருடைய திறமையை மெச்சிய உலகம் அவரை விசித்திர உடையணிந்த விருந்தாளியாகவே கடைசிவரை வைத்திருந்தது என்பது வருத்தத்தோடு நினைக்கத்தக்கது.

சென்னைப் பட்டணத்திலேயே, 1820களின் இறுதியில், சேஷால் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த பெரியவர் ஒருவர் ஆகாயத்தில் அமர்ந்து காட்டினார். உதவியாளர்கள் அவருக்கு முன் ஒரு போர்வையைச் சிறிது நேரம் பிடித்திருந்து விலக்குவார்கள். அப்போது அவர் தரைக்கு மேலே, பத்மாசனமிட்டவரைப்போல், ஜபம் செய்யும் பாவனையில் இருப்பார். ஒரு கையின் மணிக்கட்டு மட்டும், சிறு பலகையில் நாட்டிய கோலிலிருந்து நீண்ட மான்தோல் சுருளின்மேல் லேசாகத் தங்கியிருக்கும். யோகி என்றால் மான்தோலும் அருகே இருப்பது நம் கண்ணுக்குப் பழகிய காட்சி. பழகிய பொருளைக் கண் சோதிப்பதில்லை. அந்த முதியவர் தரித்திருந்த தவக்கோலமே அவருடைய மிகச் சிறந்த கருவி என்று நான் கருதுகிறேன். 1847இல் ராபர்ட் ஹூடின், ஈதர் மயக்கமருந்து புதிதாகப் பிரபலமடைந்திருந்த சமயம் பார்த்து, தம் சிறு மகனை அதன் வாசனையால் எடையிழக்கச் செய்வதாகக் கூறி, முழங்கை ஒரு கோலில் ஊன்ற, படுத்த நிலையில் அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். சென்னையில் யோகத்தின் பெயரால் நடந்தது, பாரிஸில் விஞ்ஞானத்தின் பெயரால் நடந்தது. அந்தந்த ஊரார் எதனிடம் பக்தி வைத்திருந்தார்களோ அதன் உடையையே வித்தை உடுத்திக்கொண்டது.

மேல்நாட்டு வித்தைக்காரர்கள் கிழக்குத் தேசத்து உடையை இரவல் வாங்கிய கதையும் இந்தச் சரித்திரத்தில் ஒரு முக்கிய பகுதி. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்கூட, 1849இல் நண்பர்களுக்கும் குழந்தைகளுக்கும் வித்தை காட்டியபோது, 'ரியா ராமா ரூஸ்' என்ற கற்பனைப் பெயரில் கீழ்நாட்டு மாயாவியாக வேஷம் பூண்டார். அது குடும்ப விளையாட்டு. தொழிலாகச் செய்தவர்களின் கதை அவ்வளவு எளிதன்று. சீனாவிலிருந்து ஜூ லியென்குய் என்ற மெய்யான கலைஞர், 'சிங் லிங் ஃபூ' என்ற மேடைப் பெயரோடு 1898இல் அமெரிக்கா வந்து, தம் நாட்டு நீளங்கியோடு நின்று, துணியை வீசி எடுத்தால் தண்ணீர் நிறைந்த பெருந்தொட்டி தோன்றும்படி செய்து புகழ் பெற்றார். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அவரைப் பின்பற்றி, தலையை மழித்துப் பின்னல் வைத்து, முகத்துக்கு வர்ணம் பூசி, 'சுங் லிங் சூ' என்ற பெயரில் சீனராகவே லண்டனில் வாழ்ந்தார், மேடையில் பேசமாட்டார், பத்திரிகையாளர்களோடு துபாஷி வைத்தே உரையாடுவார். 1905இல் இருவரும் ஒரே நகரில் ஆட நேர்ந்தபோது மெய்யான சீனர் அறைகூவல் விட்டார். எதிராளி முதலில் தம்மைச் சீனரென்று நிரூபிக்க வேண்டும் என்றும் கேட்டார். லண்டன் ஜனங்கள் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவேயில்லை. 1918 மார்ச் மாதத்தில், வுட் கிரீன் எம்பயர் நாடகசாலையில், துப்பாக்கிக் குண்டைத் தட்டில் பிடிக்கும் வித்தையில் இயந்திரம் பழுதுபட்டு, மெய்யான குண்டே ராபின்சனுடைய மார்பில் பாய்ந்தது. அந்த மேடையில் அவர் ஆங்கிலத்தில் பேசியதை ஜனங்கள் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அவருடைய திறமை பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் பிறருடைய முகத்தை உடையாக அணிந்துகொண்டவர், தம் மரண வேதனையைச் சொல்வதற்கும் அந்த உடையைக் கிழித்துக்கொண்டே வெளிவர வேண்டியிருந்தது. கோட்டின் எளிமையும் எப்போதும் குற்றமற்றதாக இருந்துவிடவில்லை. 1856இல் பிரெஞ்சு அரசாங்கம் ராபர்ட் ஹூடினை அல்ஜீரியாவுக்கு அனுப்பிற்று. அராபியரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த மராபூத்துகள் என்னும் சமயப் பெரியார்களுடைய அற்புதங்களைவிடப் பிரான்ஸின் அற்புதம் வலியது என்று காட்டுவதே அதன் நோக்கம். பாரிஸில் சமத்துவத்தைக் குறித்த அதே விருந்துடை, அங்கே ஆதிக்கத்தைக் குறித்தது.

ஆதிக்கத்தின் அந்த நிழலிலிருந்து இந்திய மேடையை வெளியே கொண்டுவந்தவர் பி. ஸி. சர்க்கார். 1913இல் வங்காளத்தில் டாங்காயில் பகுதியில் பிறந்து, கணபதி சக்கரவர்த்தி என்ற மூத்த வங்காளக் கலைஞரிடம் பயின்றவர். இந்திய வித்தைக்காரர்கள் மேடையேறினால் வெள்ளைக்காரரைப்போலக் கறுப்புக் கோட்டு அணிவதே நாகரிகம் என்றிருந்த காலத்தில், அவர் ஜரிகை வேலைப்பாடுள்ள ஷெர்வானியும், இறகு சூடிய தலைப்பாகையும், ரத்தின மாலைகளுமாக ஒரு மகாராஜாவின் கோலத்தில் தோன்றினார். அவருடைய 'இந்திரஜால்' நிகழ்ச்சியில் மேடை முழுவதும் ராஜசபையாக விளங்கியது. உயரத்தொப்பியிலிருந்து முயலை எடுப்பதற்குப் பதிலாக, சாதாரணச் செம்பு ஒன்றைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் கவிழ்க்கும்போது மீண்டும் தண்ணீர் வர, நிகழ்ச்சி முடியும்வரை இடையிடையே அதைச் செய்துகொண்டேயிருப்பார். அதற்கு 'இந்தியாவின் நீர்' என்றே பெயர். 1956 ஏப்ரலில் பி.பி.ஸி. தொலைக்காட்சியில், பெண்ணொருத்தியைச் சுழலும் வாளால் அறுத்துவிட்டு எழுப்ப முயன்று, அவள் எழுவதற்குமுன் நிகழ்ச்சியின் நேரம் முடிந்துவிட, அவள் இறந்தேபோனாள் என்று பதறிய ஜனங்கள் நிலையத்துக்குத் தொலைபேசிமேல் தொலைபேசியாகக் கேட்டார்கள். 1971 ஜனவரி 6ஆம் தேதி, ஜப்பானில் சுற்றுப்பயணத்தின்போதே அவர் உயிர் நீத்தார்.

சர்க்காருடைய மகாராஜா வேஷமும் வெள்ளைக்காரர் கற்பனை செய்த கீழ்நாட்டின் பகட்டுத்தானே என்று ஒருவர் கேட்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ரத்தினமும் இறகும் மேல்நாட்டார் மனத்தில் முன்பே இருந்தவை என்பது உண்மையே. ஆனால் அந்த உடைக்குள் நின்றவர் தம் தேசத்தின் மனிதர், தம் நிகழ்ச்சியின் எஜமானர். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டிலிருந்து வந்து, அந்நிய ராஜதானிகளில், விசித்திரப் பிராணியாகக் காட்டப்படுபவராக இல்லாமல், சபை நடத்தும் அரசராக அவர் நின்றார். ராமசாமிக்குக் கிடைக்காத ஸ்தானம் அது. அதே காலத்தில் கோகியா பாஷா என்ற வித்தைக்காரர் எகிப்தியரைப்போல் நீளங்கியும் குஞ்சத்தொப்பியும் அணிந்து 'கிலி கிலி' என்று கூவி இந்தியாவெங்கும் ஜனங்களை மகிழ்வித்தார். கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரியோ, அரசவேஷமும் கோட்டும் வேண்டாதவராய், மலையாள நாட்டு எளிய வழக்கப்படி உடுத்து, கைத்திறமையாலேயே ஒரு பரம்பரையை உருவாக்கினார். ஒரே தலைமுறையில் இத்தனை கோலங்கள் செழித்திருந்தன என்பதிலிருந்து, உடைக்கு நிரந்தரமான இலக்கணம் ஒன்று இல்லையென்பது பெறப்படும்.

ஆயினும் நிரந்தரமான தர்மம் ஒன்று உண்டென்று இந்தச் சரித்திரம் கற்பிக்கிறது. ராபர்ட் ஹூடின் தம் சபையோருடைய உடையை அணிந்து, 'உங்களில் ஒருவன்' என்றார். சர்க்கார் தம் நாட்டு அரசருடைய உடையை அணிந்து, 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்' என்றார். வாழக்குன்னம் தம் ஊர் உடையிலேயே நின்றார். மூவரும், தாங்கள் இன்னார் என்பதை மறைக்காமல், வித்தையை மட்டுமே மறைத்தார்கள். இன்று பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் திருமண மண்டபத்திலும் வித்தை காட்டத் தொடங்கும் நம் இளைஞர்கள், வாடகைக்கு எடுத்த வாலுடைக் கோட்டைத் தோள்பட்டை தொங்க மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அந்தக் கோட்டு ஒரு காலத்தில் பிரெஞ்சு விருந்தினர் கூடத்தில் எந்தக் காரணத்துக்காகப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன். சபையோர் எதை மரியாதையான உடையென்று மதிக்கிறார்களோ அதைவிட ஒரு படி நேர்த்தியாக, தம் உடலின் அசைவுக்கு இணங்க, கை நகம் முதல் காலணிவரை தூய்மையாக உடுத்துக்கொள்வதே அதன் சாரம். நல்ல பட்டுக்கரை வேஷ்டியும் சட்டையும் அந்த இலக்கணத்துக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல.

கடைசியாக, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. உடை மதிப்பைத் தரும் என்றால், உடையின்மை மதிப்பைப் பறிக்கும் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. 1959ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பின்னர் டில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பொது இடத்தில் பாடியோ ஆடியோ குறிசொல்லியோ வித்தை காட்டியோ காசு கேட்பதையும் அது பிச்சையென்றே வகுத்தது. அரங்கத்தில் கோட்டணிந்து காட்டினால் கலைஞர். தெருவில் அழுக்கு வேஷ்டியோடு அதே செப்பையும் பந்தையும் காட்டினால் குற்றவாளி! 2018இல் டில்லி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைத் தலைநகரைப் பொறுத்தவரை செல்லாதவையென்று தீர்ப்பளித்தது நியாயத்தின் வெற்றியே. ஆனால் தீர்ப்பினால் மட்டும் கண்ணோட்டம் மாறிவிடாது. ஹூடினி சட்டைக்கையைக் கழற்றியபோது உலகம் வீரமென்று கைதட்டியது. நம் தெருவோரத்துக் கலைஞர் ஆதிமுதலே சட்டைக்கை இல்லாமல்தான், நாற்புறமும் கண்கள் சூழ, அதைச் செய்துகொண்டிருக்கிறார். மேடைக் கலைஞர்களின் சங்கங்களும் சபாக்களும் தங்கள் விழாக்களில் அவரையும் அழைத்து, அவருடைய உடையிலேயே, அவர் அமரும் தரையிலேயே அமரவைத்து, மற்றவருக்குக் கொடுக்கும் சன்மானத்தையே அவருக்கும் கொடுக்க வேண்டும். ஜாலவித்தைக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக உடையின் மூலம் வேண்டிநின்ற மரியாதை, உடையை எதிர்பாராமலேயே அவருக்கு உரியது.